கோத்தார்டு: ஒரே மலைக்குள் இரண்டு ரயில் சுரங்கங்கள்

சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு மலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 2016-இல் திறக்கப்பட்ட 57 கி.மீ. நீளமுள்ள புதிய ரயில் சுரங்கத்தையே குறிப்பிடுகிறார்கள். என் மனத்தை அதிகம் ஈர்ப்பதோ 1882-இல் திறக்கப்பட்ட, 15 கி.மீ. நீளமுள்ள பழைய சுரங்கம்தான்.

டைனமைட்டையும் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக் கருவிகளையும் கொண்டு இரு முனைகளிலிருந்தும் பாறையைக் குடைந்து வந்த தொழிலாளர்கள், 1880 பிப்ரவரியில் மலையின் நடுவே சந்தித்தபோது, இரு பாதைகளுக்கும் இடையிலிருந்த பக்கவாட்டு விலகல் சுமார் 33 செ.மீ. மட்டுமே. அக்கால அளவைக் கருவிகளை நினைத்தால் இன்றும் வியப்பு அடங்கவில்லை. பணியை ஒப்பந்தம் எடுத்திருந்த லூயி ஃபாவ்ர், முந்தைய ஆண்டே சுரங்கத்துக்குள் இறந்துவிட்டதால், அவருடைய படத்தைத்தான் முதலில் அந்தத் துளை வழியே மறுபக்கம் அனுப்பினார்கள். பெரும்பாலும் இத்தாலியர்களான அத்தொழிலாளர்கள் வெடிவிபத்திலும் நீர்ப்பெருக்கிலும் மட்டுமன்றி, சுகாதாரமற்ற ஈர மண்ணில் பரவிய கொக்கிப்புழுவால் வந்த இரத்தசோகையாலும் மடிந்தார்கள். இந்தச் சுரங்கத்தைப் போற்றும் எவரும் அதை மறக்கலாகாது.

புதிய சுரங்கத்தின் சிறப்பு நீளம் மட்டுமன்று. தலைக்கு மேல் 2,300 மீட்டர் வரை பாறை இருக்க, மலையடிவாரத்தின் மட்டத்திலேயே பாதை செல்வதால், கனமான சரக்கு ரயில்கள் செங்குத்தான ஏற்றமின்றி ஆல்ப்ஸைக் கடக்கின்றன. ஆயினும் அங்கே செல்பவர்கள் பழைய பாதையில் ஒருமுறையேனும் பயணம் செய்ய வேண்டும். சுழல் சுரங்கங்களில் ரயில் வளைந்து ஏறும்போது வாஸன் ஊரின் தேவாலயம் மூன்று வெவ்வேறு உயரங்களிலிருந்து தெரியும்.