முட்டை பப்ஸை மூணாப் பிரிக்கிற வேலை

முட்டை பப்ஸைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் வீட்டுல கண்டிப்பா ரெண்டு பிள்ளைகதான் இருந்திருக்கணும். ஒரு முட்டையை அவிச்சு, நீளவாக்குல ரெண்டா வகுந்து, ஒரு பப்ஸுக்குப் பாதி. மேல ஒரு கரண்டி வெங்காய மசால். ரெண்டு பப்ஸ் வாங்கினா ஒரு முழு முட்டை வந்திரும். கணக்கு சுத்தம். எங்க வீட்டுக்கு வந்தா அந்தக் கணக்கு இடிக்குது, ஏன்னா எங்க வீட்டுல மூணு உருப்படி.

பெரியவ மூணாங்கிளாஸ். நடுவுலவன் ஒண்ணாங்கிளாஸ். சின்னவளுக்கு மூணு வயசு, அங்கன்வாடிக்குப் போறா. அவுக அப்பா லாரி புக்கிங் ஆபீஸ்ல கணக்கு எழுதுறாரு. சம்பள நாள் சாயந்திரம் பப்ஸ் வாங்கிட்டு வர்றது வழக்கம். மூணு வாங்கினா தீர்ந்துச்சேன்னு உங்களுக்குத் தோணும். வாங்கிப் பார்த்தாச்சு. சின்னவ முட்டையை மட்டும் நோண்டித் தின்னுட்டு மிச்சத்தைப் பாய்ல உதுத்துருவா. நடுவுலவன் முழுசாத் தின்னுட்டு ராத்திரி தோசை வேணாம்பான். பெரியவளுக்கு அவ பப்ஸ்ல மஞ்சக்கரு நழுவிப் போய் வெறும் வெள்ளை மட்டும் இருந்துச்சுன்னு ஒரு பஞ்சாயத்து. அதனால இப்ப ரெண்டே பப்ஸ், அதை மூணு பங்கு.

பங்கு போட எங்க வீட்டுல ஒரு சட்டம் இருக்கு: வெட்டுறவங்க கடைசியா எடுக்கணும். ரெண்டு பேரா இருந்தா இது அருமையான சட்டம். மூணு பேர்னா முதல்ல எடுக்குறது யாரு, ரெண்டாவது எடுக்குறது யாருன்னு தனியா ஒரு சண்டை முளைக்குது. அதுக்கு முறை வச்சோம். காலண்டர் தாள்ல பேர் எழுதி, போன தடவை முதல் ஆளு இந்தத் தடவை ரெண்டாவது. வெட்டுற வேலை எப்பவும் பெரியவளுக்குத்தான், கத்தி அவ கைக்கு மட்டும்தான் போகும். அப்ப அவதானே எப்பவும் கடைசி? ஆமா. அதான் அவ அவ்வளவு கரெக்ட்டா வெட்டுறா.

நான் வீட்டுலயே தையல் மிஷின் போட்டிருக்கேன். பிளவுஸ், சுடிதார், ஸ்கூல் யூனிபார்ம், சேலைக்கு ஃபால்ஸ், பீக்கோ, எல்லாம் செய்வேன். கழுத்துல எந்நேரமும் இஞ்சு டேப் தொங்கும். ஒருநாள் பெரியவ அதை உருவிட்டுப் போய் பப்ஸ் மேல வச்சு அளந்துட்டா. நாலரை இஞ்சு, மூணால வகுத்தா ஒன்றரை. ஸ்கூல்ல அப்பத்தான் வகுத்தல் நடத்துறாங்க. நான் சந்தோஷப்பட்டேன், டேப் திரும்பி என் கைக்கு வர்ற வரைக்கும். முழுக்க டால்டா. அடுத்து அளக்க எடுத்து வச்சிருந்ததோ பட்டு பிளவுஸ் துணி. நல்லவேளை, வைக்கிறதுக்கு முன்னாடி கையில பிசுபிசுத்துச்சு.

அதுக்கப்புறம் பிள்ளைகளுக்குன்னே ஒரு பழைய டேப்பை ஒதுக்கிட்டேன். முனையில இருக்குற தகரம் போயி, முதல் இஞ்சும் பிய்ஞ்சு போன டேப். ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கும். பெரியவளுக்கு அது தெரியும், அளந்துட்டு ஒண்ணைக் கழிச்சுக்குவா. நடுவுலவனுக்கு அந்தச் சங்கதி பிடிபடலை. அவன் அளந்தா எல்லாமே ஒரு இஞ்சு கூட. அவன் உயரமும் சேர்த்து. "எனக்கு நாப்பத்தஞ்சு இஞ்சு"ன்னு தெருவுல சொல்லிட்டுத் திரியுறான். நானும் திருத்தலை.

இதுல வேடிக்கை, ஸ்கூல் சத்துணவுல இவனுக்குத் தினமும் ஒரு முழு முட்டை கிடைக்குது. மத்தியானம் முழுசாத் தின்னுட்டு வந்து, சாயந்திரம் முட்டையில மூணுல ஒரு பங்குக்காகத் தொண்டை கிழியக் கத்துறான். "அது ஸ்கூல் முட்டை, இது கடை முட்டை"ங்கிறான்.

ஸ்கூல்னதும் ஞாபகம் வருது. காலைச் சாப்பாட்டுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-ல எங்க மதுரையிலதான் தொடங்குனாங்க, சிம்மக்கல் பக்கம் ஒரு மாநகராட்சி ஸ்கூல்ல. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துருச்சு. அதைப் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க. என் பக்கத்துக் கணக்கு இது: காலையில ஏழு மணியில இருந்து எட்டரைக்குள்ள ரெண்டு பேருக்கு இட்லி ஊட்டுற வேலை என்னை விட்டுப் போச்சு. புதன்கிழமை பொங்கல்னா என் பையன் நான் எழுப்பாமலே எந்திரிச்சுக் குளிச்சுட்டு நிப்பான். அந்த நேரத்துல நான் ரெண்டு பிளவுஸுக்கு கொக்கி கட்டிருவேன்.

மூணாவது பிள்ளைன்னு தெரிஞ்சப்ப ஊரே எனக்கு அறிவுரை சொல்லுச்சு. "இந்தக் காலத்துல மூணா?" இதைக் கேட்காத ஆளு கிடையாது. துணி அளவு குடுக்க வந்தவங்க, காய்கறி வண்டிக்காரர், சொந்தத்துல ஒரு பெரியம்மா. ஆஸ்பத்திரிச் செவுத்துல 'நாம் இருவர் நமக்கு இருவர்'னு எழுதின இடத்துக்குக் கீழேயே எனக்குப் பெஞ்சு கிடைச்சது தற்செயல்தான். ஆனா பக்கத்துல இருந்த அம்மா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது தற்செயல் இல்லை. பேப்பர்ல ஒருதடவை பார்த்தேன், 2020 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்குச் சராசரியா 1.4 பிள்ளைதானாம். எங்க தெருவுல அந்தச் சராசரி விழுந்துறாமத் தாங்கிப் பிடிக்கிறது நான் ஒருத்திதான்.

அப்புறம் 2024 அக்டோபர்ல முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு கல்யாண விழாவுல, ஜனத்தொகை குறைஞ்சா பார்லிமெண்ட் தொகுதியும் குறைஞ்சிரும்ங்கிற பேச்சு வர்றதால, பதினாறு பிள்ளை பெத்தா என்னன்னு ஜனங்க நினைக்கிற நிலைமை வந்திருக்குன்னு பேசினாரு. அன்னைக்கு டிவியைப் பார்த்துட்டு எங்க அத்தை என்னைக் கூப்பிட்டு, "பார்த்தியா, நீ இன்னும் பதிமூணு பாக்கி"ன்னாங்க. பதினாறும் பெற்று பெருவாழ்வு வாழ்கன்னு எனக்கும் ஆசீர்வாதம் பண்ணினவங்கதான். கூடப் பொறந்தவங்களோட சேர்த்து அவங்க எட்டுப் பேரு. ஒரு பனங்கிழங்கை எட்டாப் பிச்சுத் தின்ன கதையை இன்னும் சொல்லுவாங்க. அதுல யாருக்கு எவ்வளவு கிடைச்சுச்சுன்னு என் பெரியவ ஒருநாள் கேட்டா. "எனக்கு நாருதான்டி ஆத்தா கிடைச்சுச்சு"ன்னு அவுக அப்பத்தா சொல்லவும், பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. கடைக்குட்டி ஆளுக கதை எல்லா வீட்டுலயும் அதேதான் போல. எங்க வீட்டுல மட்டும் கடைக்குட்டிதான் முட்டையைத் திங்கிறா.

ராத்திரி படுக்கையில வேற மாதிரிச் சிக்கல். எனக்கு இருக்குறது ரெண்டு பக்கம். பிள்ளைக மூணு. இதை எந்த டேப்பை வச்சு அளக்குறது? சின்னவளுக்கு இடது பக்கம் பட்டா போட்டாச்சு, அதுல பேச்சே கிடையாது. வலது பக்கத்துக்கு ரெண்டு பேரும் போட்டி. பெரியவ ஒருநாள், "நீ கால்மாட்டுல படு, அதுவும் அம்மாதானே"ன்னு தம்பிக்கு நியாயம் சொன்னா. அவனும் ரெண்டு நாள் என் காலைக் கட்டிக்கிட்டுப் படுத்தான். மூணாம் நாள் என் தலைமாட்டுக்கு வந்துட்டான், தலையணையைக் குறுக்க போட்டு. ராத்திரியில அவன் காலு ரெண்டும் என் காது மேல.

இதைத் தீர்த்து வச்சது எங்க அத்தைதான். அவங்க கட்டில்ல தலையணைக்கடியில ஒரு டப்பாவுல பொரிகடலையும் வெல்லமும் வச்சிருப்பாங்க. "எங்கிட்ட வந்து படுத்தா ஒரு பிடி, கூட ஒரு கதை"ன்னாங்க. அன்னையில இருந்து ஆளு அங்கிட்டுத்தான். பல் விளக்குனதுக்கு அப்புறம் வெல்லம் குடுக்காதீங்க அத்தைன்னு நானும் சொல்றேன், அவங்களும் சரி சரிங்கிறாங்க. டப்பா மட்டும் காலியாயிட்டே இருக்கு. வலது பக்கத்தை முழுசாப் பிடிச்சுட்ட பெரியவ இப்ப அங்க போயும் அப்பப்ப ஒரு பிடி வாங்கிட்டு வர்றா. ரெண்டு பக்கமும் சம்பாத்தியம்.

பிரிக்கவே தேவையில்லாம எல்லாருக்கும் சமமாக் கிடைக்கிறது காய்ச்சல் ஒண்ணுதான். முதல்ல நடுவுலவன் ஸ்கூல்ல இருந்து கொண்டு வருவான். அவனுக்கு விடுற நேரத்துல சின்னவளுக்கு. அவ தேறி எந்திரிக்கும்போது பெரியவ. கடைசியா நான், எனக்கு வரும்போது வீட்டுல யாருக்கும் என்னைப் பார்க்குற அளவுக்குத் தெம்பு இருக்காது.

இதுல ஒரு விஷயம் மட்டும் விளையாட்டு இல்லை. காய்ச்சல் மருந்து பாராசிட்டமால் சிரப் ரெண்டு விதமா வருது. ஒண்ணு 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொண்ணு 5 மில்லிக்கு 250. பார்க்க ரெண்டு பாட்டிலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஒண்ணுல இருக்குறதுக்கு இன்னொண்ணுல ரெண்டு மடங்குக்கும் மேல. டாக்டர் பிள்ளையோட எடையைப் பார்த்துத்தான் இத்தனை மில்லின்னு எழுதிக் குடுக்குறாரு. அவர் சொன்ன அளவு ஒரு பாட்டில்ல இருந்து, ஊத்துறது இன்னொரு பாட்டில்ல இருந்துன்னு ஆயிட்டா என்ன ஆகும்? மூணு பிள்ளை இருக்குற வீட்டுல ரெண்டு பாட்டிலும் ஒரே நேரத்துல அலமாரியில இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல லேபிளைப் படிக்க முடியாது.

அதுக்கு நான் என் தொழில்ல இருந்தே ஒரு வழி எடுத்தேன். 250 பாட்டில் கழுத்துல சிவப்பு நூல், நல்லாத் தடிமனா, விரல் பட்டாலே தெரியுற மாதிரி சுத்திருவேன். 120-க்கு நூலே கிடையாது. சின்னவளுக்கு நூல் இல்லாத பாட்டில், அவ்வளவுதான். இருட்டுல தடவிப் பார்த்தே எடுத்துரலாம். காலண்டர் தாள்ல 'சி 10.15, அப்பா'ன்னு எழுதி வைக்கணும், சி-ன்னா சின்னவ. யாருக்கு, யாரு குடுத்தா, எப்பக் குடுத்தான்னு தெரியணும். குறைஞ்சது நாலு மணி நேர இடைவெளி விடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ரெண்டு பேரும் தூக்கத்துல ஆளுக்கொரு தடவை குடுத்துறக் கூடாது பாருங்க. எங்கிட்டத் துணி தைக்க வர்ற சின்னப் பிள்ளைக்காரிக எல்லார்கிட்டயும் இந்த நூல் சங்கதியைச் சொல்லி, ஒரு துண்டு நூலும் வெட்டிக் குடுத்து அனுப்புறேன். ஆரஞ்சு வாசம் அடிக்கிறதால காய்ச்சல் இல்லாத பிள்ளையும் "எனக்கு"ன்னு வாயைத் திறந்துட்டு வந்து நிக்கும். அதனால பாட்டில் ரெண்டும் மிஷினுக்கு மேல இருக்குற உச்சித் தட்டுல.

வெளிய கிளம்பினா வண்டி பத்தாது. டிவிஎஸ் எக்ஸ்எல்-ல அஞ்சு பேரு போறவங்களைத் தினமும் பார்க்குறேன், எனக்கு ஈரக்குலை நடுங்குது. அதனால பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம் துணி எடுக்கப் போகணும்னா நானும் பிள்ளைகளும் டவுன் பஸ்தான். மகளிர் இலவசப் பயணம் 2021-ல இருந்து இருக்கு, எனக்கும் பெரியவளுக்கும் காசில்லாத சீட்டு. அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம்னு 2022-ல ஆக்கிட்டாங்க, சின்னவ அதுல போயிருவா. ஆக, மொத்தக் குடும்பத்துல காசு குடுத்து டிக்கெட் எடுக்க வேண்டிய ஒரே ஆளு நடுவுலவன். அரை டிக்கெட்.

இது அவனுக்கு எவ்வளவு பெரிய பெருமைன்னு உங்களுக்குச் சொல்லி மாளாது. சில்லறையை நான் குடுக்கக் கூடாது, அவன் கையாலதான் குடுப்பான். "அண்ணே, பெரியார், ஒரு அரை"ம்பான், நாப்பது வயசு ஆளு மாதிரி. கண்டக்டருக்குப் பழகிப் போச்சு, "வாங்க முதலாளி"ங்கிறாரு. டிக்கெட்டைச் சட்டைப் பையில வச்சு, பையை ஒரு கையால பொத்திக்கிட்டே வருவான்.

போன வாரம் சின்னவ அந்த டிக்கெட் வேணும்னு ஒரே அழுகை. பஸ்ஸே திரும்பிப் பார்க்குது. பெரியவ பழக்க தோஷத்துல, "குடுடா, மூணாக் கிழிச்சுக்கலாம்"னா. அவன் ஜன்னல் பக்கம் ஒதுங்கி, பையை இன்னும் இறுக்கிப் பிடிச்சான்.

"கிழிச்சா செல்லாது. செக்கர் வந்தா இறக்கி விட்டுருவாரு."

பெரியவ என்னைப் பார்த்தா. உண்மைதான்டின்னு தலையாட்டினேன். பயல் அதுக்கப்புறம் பெரியார் வர்ற வரைக்கும் சிரிப்பை அடக்க முடியாம வெளிய பார்த்துக்கிட்டே வந்தான்.