கையைக் கடிக்காமல் சுற்றுச்சூழல் அறிவியல்: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களில் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆனது என்பது வீட்டுத் திண்ணையிலேயே பேசப்படும் விஷயம். 'மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-ல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றதும் இந்தத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில்தான். அதனால் இங்கே ஒரு பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டுச் சுற்றுச்சூழல் அறிவியல்தான் படிப்பேன் என்றால் பெருமையாகத்தான் இருக்கிறது. கவலை எங்கே வருகிறது என்றால், அந்தப் பெயர் போட்ட பி.எஸ்சி.யைத் தேடிக் குடும்பம் கடன் வாங்கும்போதுதான்.

பெயரை விட்டுவிடுங்கள். முதல் பட்டம் வேதியியல், வீட்டுக்குப் பக்கத்தில், அரசுக் கல்லூரியில். இரண்டாவது பட்டம்தான் சுற்றுச்சூழல் அறிவியல், நல்ல ஆய்வகம் உள்ள பல்கலைக்கழகத் துறையில். பணம் இருந்தால் அந்த இரண்டு வருடத்துக்குச் சேர்த்து வையுங்கள்.

காரணம் இருக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் பி.எஸ்சி. வேதியியலைத் தயங்காமல் எடுக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு முதுகலை கேட்கிறார்கள், வேதியியல் எம்.எஸ்சி.யும் அங்கே செல்லும். ஆசிரியர் ஆகும் எண்ணம் ஓர் ஓரத்தில் இருந்தாலும் இன்னும் யோசிக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வில் வேதியியல் உண்டு, தாவரவியல் உண்டு, விலங்கியல் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஒரு பாடமே கிடையாது.

எந்தப் பட்டம் படித்தாலும் 'சுற்றுச்சூழல் கல்வி' என்று ஒரு தாள் கட்டாயமாக வரும், பி.காம். உட்பட. அதைப் பாடத்திட்டத்தில் பார்த்துவிட்டு இந்தக் கல்லூரியில் நம் படிப்பு இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

வேலூர் முத்துரங்கம், குடியாத்தம் திருமகள் ஆலை, செய்யாறு அறிஞர் அண்ணா, பெண்களுக்கு வாலாஜாபேட்டை அறிஞர் அண்ணா மகளிர் கல்லூரி என்று அரசுக் கல்லூரிகள் சுற்றிலும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளத்தில்தான் விண்ணப்பம். சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். அறிவியல் பாடங்களுக்குத் தமிழ், ஆங்கிலம் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. மொத்த மதிப்பெண் குறைவு என்று பயந்து விண்ணப்பிக்காமலே விட்டுவிட வேண்டாம்.

அரசுக் கல்லூரி கிடைக்கவில்லையென்றால் அடுத்தது அரசு உதவி பெறும் கல்லூரி: வேலூர் ஊரீசு, காட்பாடி ஆக்சீலியம், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், வாணியம்பாடி இஸ்லாமியா, திருப்பத்தூர் தூய நெஞ்சம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உதவி பெறும் கல்லூரிக்குள்ளேயே சுயநிதிப் பிரிவும் நடக்கும். ஒரே கட்டடம், ஒரே பட்டம், கட்டணம் மட்டும் வேறு. 'உங்கள் கல்லூரி எய்டடா?' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். 'எனக்குத் தருகிற இடம் எய்டடா, செல்ஃப் பைனான்ஸா?' என்று கேளுங்கள். பருவத் தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், வளர்ச்சி நிதி என்று பிறகு வருவதையெல்லாம் சேர்த்து மூன்று வருடத் தொகையை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை எல்லாப் படிப்புக்கும் உண்டு என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. அது பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கானது. பி.எஸ்சி.க்குக் கைகொடுப்பது வேறு: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். அது மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வரும், அதனால் கணக்கோடு ஆதாரை இணைத்து வைத்திருக்க வேண்டும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இலவசம். அரக்கோணம் – காட்பாடி – ஜோலார்பேட்டை பாதையில் ரயிலில் வரும் பெண் பிள்ளைகள், பட்டப்படிப்பு முடியும்வரை இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டைக் கட்டணமில்லாமல் வாங்கலாம். கல்லூரியில் சான்றிதழ் வாங்கி ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். ஹாஸ்டல் செலவு மிச்சமாவது இப்படித்தான்.

எம்.எஸ்சி.க்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், சேலம் பெரியார், ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மையம் என்று பார்க்கலாம். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்தெந்த இளங்கலைப் பாடத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே பார்த்துவிடுங்கள்.

சேருமுன் ஆய்வகத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம், பி.ஓ.டி. இன்குபேட்டரைக் காட்டச் சொல்லுங்கள். கழிவுநீரில் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கின்றன என்று அளக்கும் சோதனை இது. 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் நீரை விளிம்புவரை நிரப்பி, 27 டிகிரியில் மூன்று நாள் இருட்டில் வைப்பார்கள். மூடும்போது ஒரு காற்றுக்குமிழி உள்ளே சிக்கினால்கூடக் கணக்கு பிசகிவிடும். வேலூர் வெயிலில் அறையே நாற்பதைத் தொடும்போது 27 டிகிரிக்குக் குளிரூட்டும் கருவி வேண்டும். பாக்டீரியா வளர்க்கும் சாதாரண இன்குபேட்டர் சூடேற்ற மட்டும்தான் செய்யும். மூன்று நாளும் கரண்ட் போகாமல் இருக்க ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கதவைத் திறந்தால் பாட்டில்களின் மேல் தேதியோடு லேபிள் ஒட்டியிருந்தால் அங்கே வேலை நடக்கிறது. ஒயர் சுருட்டி உள்ளே பழைய ரெக்கார்டு நோட்டு அடுக்கியிருந்தால் பிள்ளை அந்தச் சோதனையைப் புத்தகத்தில்தான் படிக்கும். தோல் பதனிடும் கழிவில் வரும் குரோமியத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரையும் அதே கண்ணோடு பாருங்கள். இந்த மாவட்டங்களில் அந்த இரண்டு கருவிகளில் கை பழகியவருக்கு வேலை இருக்கிறது.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் துறைத் தலைவரின் கடிதத்தோடு, தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பதினைந்து நாள் பயிற்சி கேளுங்கள். கடிதத்தை மார்ச் மாதமே கொடுத்துவிட வேண்டும்.