கறுப்பு வெள்ளையில் ஓடிய பிளேஸ்டேஷன்

பெங்களூரு அல்சூரில் ஒரு காயலாங்கடையில் 21 இஞ்ச் டப்பா டிவி 600 ரூபாய்க்குக் கிடைத்தது. "ஓடும் தம்பி, ஆனா கேரண்டி கேக்கக் கூடாது" என்றார் கடைக்கார அண்ணன். ஆட்டோவில் சீட்டை அதற்குக் கொடுத்துவிட்டு நான் ஓரமாக ஒண்டிக்கொண்டு வந்தேன். "தூக்கிப் போட்ட சனியன் திரும்பி வந்துடுச்சா?" என்றாள் அம்மா.

போட்டதும் வலது மூலையில் ஊதாக் கறை. பிக்சர் டியூப் போச்சு என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த ஸ்பீக்கரின் காந்தம் செய்த வேலை அது. ஸ்பீக்கரை நகர்த்தியும் கறை நகரவில்லை. டியூபைச் சுற்றி, ஏறிய காந்தத்தை எடுக்க ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. மெயின் சுவிட்சைப் போடும் கணத்தில்தான், அதுவும் உள்ளே ஆறியிருந்தால்தான், அது ஒழுங்காக வேலை செய்யும். ரிமோட்டில் அணைத்துப் போட்டால் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட்டேன். மூன்றாவது 'டொம்ம்'முக்குக் கறை காணவில்லை.

அடுத்து, சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன். மஞ்சள் பின்னில் படம் வந்தது, கறுப்பு வெள்ளையில். கேபிள் மாற்றியும் அப்படியேதான். அந்த ஊர் டிவி முறையான என்டிஎஸ்சியில் கலர் 3.58 மெகாஹெர்ட்ஸில் வரும், நம்மூர் பால் முறையில் 4.43. (குடிக்கிற பால் இல்லை.) படத்தின் 525 கோடு, நொடிக்கு 60 தடவை வரைகிற வேகம் எல்லாவற்றையும் டிவி சமாளித்துவிட்டது, கலரைத்தான் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. கலர் சிஸ்டத்தை மாற்ற மெனுவுக்குப் போக வேண்டும், மெனுவுக்கு ரிமோட் வேண்டும். எஸ்.பி. ரோட்டில் 150 ரூபாய்க்கு ஒன்று பொருந்தியது. 'பால்' என்று பூட்டியிருந்ததை என்டிஎஸ்சி 3.58க்குத் தள்ளியதும் புல்தரை பச்சையானது. சாதா டிவி, ஒரே ஸ்பீக்கர். சிவப்பு, வெள்ளை இரண்டையும் ஒன்றாக்கும் பின் ஒன்று போட்டுச் சத்தத்தை முடித்தேன்.

பின்மூடியை மட்டும் கழற்றவில்லை. அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

நான் காத்திருந்தது துப்பாக்கிக்குத்தான். பரணில் கிடந்த பழைய டிவி கேம், வாத்து சுடும் கேசட், வயர் வைத்த துப்பாக்கி. எல்ஈடி டிவியில் ஒரு வாத்து விழாது. விசையை அழுத்தினால் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். புது டிவி அதைக் கொஞ்சம் பிந்திக் காட்டும், அதற்குள் கேம் 'தப்பு' என்று எழுதிவிடும். டப்பா டிவி உடனுக்குடன் வரையும்.

பத்துக்கு நாலு சுட்டேன். அம்மா துப்பாக்கியை வாங்கி, கண்ணாடியில் முட்டுகிற மாதிரி வைத்து, பத்தும் சுட்டாள். "சின்ன வயசுல நீ இப்படித்தானே ஏமாத்துவே?"