மகஜரின் விலாசம்

வன்னியில் முதியோர் சங்கங்களுக்கு மகஜர், அதாவது கோரிக்கை மனு, எழுதும் வேலையில் முதலில் சரிபார்க்க வேண்டியது விலாசத்தை. கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், முடிவெடுக்கும் மேசைக்குப் போகாத கடிதம் 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு கோப்புக்குள் படுத்துவிடும்.

அடிக்கடி பிழைவிடுவது தேர்தல் மாவட்டத்தில். வன்னித் தேர்தல் மாவட்டம் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. கிளிநொச்சியின் கரைச்சிச் சங்கம் வன்னி எம்.பி.யின் வாசலில் போய் நின்றால் தேநீர் கிடைக்கும், அவ்வளவுதான். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆகவே மாகாண விடயங்களுக்கு ஆளுநரும் மாகாண சமூக சேவைகள் திணைக்களமும்தான் கதவு.

முதியோர் கொடுப்பனவுத் தொகையை ஜி.எஸ். (கிராம சேவகர்) கூட்ட முடியாது. குறைந்த வருமானக் குடும்பங்களின் 70 வயதைத் தாண்டியவர்களுக்கான 3000 ரூபாவை 5000 ஆக்கியது 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம். வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வாசிக்கப்படும். தொகை கேட்கும் மகஜர் ஓகஸ்டுக்குள் கொழும்புக்குப் போய்விட வேண்டும். கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் விடுபட்டால் பிரதேச செயலகத்தில் தொடங்க வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் இரு பக்கமும் 'மற்றது எமக்குரியதல்ல' என்று கைகழுவ வசதியாகிவிடும்.

பெயர் விடுபடுவதற்கு மனிதரின் அலட்சியம் மட்டும் காரணமல்ல, கடதாசியும்தான். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. 55 என்றால் 1955. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். சங்கம் இதை முதலில் பார்த்தாலே வயது வராதவர்களின் பெயர்கள் கழியும். சிக்கல், இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களுக்குத்தான்; முன்பொருநாள் குத்துமதிப்பாகச் சொன்ன வயது அட்டையில் ஏறியிருக்கும். பதிவேட்டில் தேடுவித்து, பதிவில்லை என்றான பிறகே உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போகலாம். அந்த வரிசையைத் தாண்டி யாரும் கைகொடுக்க முடியாது, எம்.பி.யாக இருந்தாலும்.

ஐந்நூறு கையொப்பம் வைத்த மகஜரைவிட இருபது பேரின் அட்டவணை நன்றாக வேலை செய்யும்: அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர், இலக்கம், ஜி.எஸ். பிரிவு, மறுக்கப்பட்ட காரணம். வங்கிப் புத்தகத்தில் ஒரு எழுத்து வேறுபட்டாலும் தனி நிரலில் குறிக்க வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு இரண்டு சாட்சி. மூன்று பிரதி எடுத்து, ஒன்றை நேரில் கொடுத்து, சங்கப் பிரதியில் திகதி முத்திரை வாங்க வேண்டும். முத்திரையில்லாத பிரதி வெறும் கதை.

மறுத்த காரணத்தைச் சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது.

தேர்தல் கிட்டும்போது சங்கத் தலைவர் வேட்பாளராகிவிடுவது இன்னொரு வியாதி. மறுநாளே மற்றக் கட்சிக்காரர் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். வேட்புமனுக் கொடுப்பவர் பதவி விலக வேண்டும் என்று யாப்பில் ஒரு வரி போதும். அதைப் பிரச்சினை வருமுன் எழுதிவிட வேண்டும்.

முதியோர் தினமான ஒக்டோபர் 1 இங்கே சிறுவர் தினமும்கூட. பள்ளிப் பிள்ளைகளின் நடனம், பொன்னாடை, படப்பிடிப்பு எல்லாம் இருக்கும். அந்த மேடையில் மகஜரைக் கொடுத்தால் மாலைகளோடு சேர்ந்து அங்கேயே கிடக்கும். அடுத்த வேலைநாள் பதிவுத் தபாலில் போடலாம்.