செந்நாய் சொன்ன பேச்சைக் கேட்குமா? ஒரு கேம் டிசைனரின் நாட்குறிப்பு

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

எங்கள் ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேமில் துணை விலங்குகள் முழுக்க இனி என் பொறுப்பு. முன்பு இதைப் பார்த்துக்கொண்டவர் விட்டுப்போன ஸ்ப்ரெட்ஷீட்டைக் காலையில் திறந்தேன். செந்நாய், கீரி, மந்தி, காட்டெருமை, கரிச்சான் என்று வரிசை. எல்லாவற்றுக்கும் மூன்று ஸ்கில், அதாவது சண்டையில் காட்டும் வித்தை: கடி, பலமான கடி, கத்தல். கரிச்சான் குருவிக்குக்கூட 'பலமான கொத்தல்', 140 சதவீத டேமேஜ் (எதிரிக்கு விழும் அடியின் அளவு). ஒரே மிருகத்துக்கு ஐந்து தோல் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஷீட்டில் டேமேஜ் எழுதியிருந்த பத்தியை மறைத்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டேன்: 'இது கூட இருந்தால் பிளேயர் எதை வேறு மாதிரி செய்வார்?' ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வாக்கியம். அது எழுத வரவில்லை என்றால் அந்த விலங்கு வெறும் அலங்காரம். அலங்காரம் தப்பில்லை, கடையில் நன்றாக விற்கும். ஸ்கில் ஷீட்டுக்குள் வராமல் இருந்தால் சரி.

சாயங்காலம் வரை காட்டெருமைக்கு மட்டும் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

மந்திக்கு எழுதுவது சுலபமாக வந்தது. முதுமலைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: மேலே மந்தி, மரத்தடியில் புள்ளிமான் கூட்டம். மந்தி தின்றது போக உதிர்க்கிற இலையும் காயும் மானுக்கு. புலியோ சிறுத்தையோ வந்தால் உயரத்திலிருந்து மந்தி பார்த்துக் குரல் கொடுக்கும். மானுக்கு மோப்பம் தட்டினால் அது குரல் கொடுக்கும். இதுவே ஒரு முழு ஸ்கில். நாம் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

'மரக்காவல்': 15 மீட்டருக்குள் மரம் இருந்தால் மந்தி ஏறிக்கொள்ளும். மேலே இருக்கிற வரை, 40 மீட்டருக்குள் பதுங்கியிருக்கும் எதிரி பாய்வதற்கு 3 விநாடி முன்னால் கத்தும். அதற்கு விலை, அந்த நேரத்தில் அது சண்டைக்கு வராது. கூப்பிட்டால் இறங்கி வர 4 விநாடி. மரமே இல்லாத பாலைவன மேப்பில் அது வெறும் குரங்கு.

கடைசி வரியைப் பார்த்துவிட்டு எங்கள் டீம் லீட், "பாலைவனத்துல இவனை யாருப்பா எடுப்பா?" என்றார். யாரும் எடுக்க வேண்டாம், அங்கே வேறு மிருகத்தைக் கூட்டிப் போகட்டும் என்றுதானே ஐந்து வைத்திருக்கிறோம் என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

கரிச்சான் இன்னும் சுவாரசியம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கிற துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலில் கத்துவதில் கில்லாடி. ஆப்பிரிக்காவின் களஹாரியில் இருக்கும் அதன் சொந்தக்கார இனம் ஒன்று, ஆபத்து வராதபோதே ஆபத்துக் குரல் கொடுத்து மீர்கேட்டுகளை (கீரி ஜாதிச் சின்ன விலங்குகள்) ஓடவைத்துவிட்டு, அவை போட்டுவிட்டுப் போன இரையைத் தூக்கிக்கொள்ளும். ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மீர்கேட் ஏமாறாது. உடனே கரிச்சான் வேறு குரலுக்கு மாறிவிடும். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். 'பொய்க்குரல்': எதிரிக் கூட்டம் 5 விநாடி திரும்பிப் பார்க்கும். அதே கூட்டத்திடம் இரண்டாம் தடவை பலிக்காது. வேறு இடத்தில் வேறு குரல் ஒன்றைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தால்தான் மறுபடி பலிக்கும். இதில் டேமேஜ் பூஜ்யம். பெருமையாக இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தீனி பற்றி இன்று அரை நாள் சண்டை. பசி மீட்டர் வைத்தால் பிளேயர் தினமும் உள்ளே வருவார் என்று ஒரு கட்சி. பசித்தால் மிருகம் பலவீனமாக வேண்டுமாம்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். 2004இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம் வந்தபோது ஹண்டர், அதாவது மிருகத்தோடு சுற்றும் வேட்டைக்காரப் பாத்திரம், தன் மிருகத்துக்குத் தீனி போட்டே ஆக வேண்டும். சந்தோஷமாக இருந்தால் 125 சதவீத டேமேஜ், சுமாராக இருந்தால் 100, கோபத்தில் இருந்தால் 75. விசுவாசம் ரொம்பக் கீழே போனால் விட்டுவிட்டு ஓடியே போய்விடும். விசுவாசப் படிகளை 2008இல் எடுத்தார்கள், சந்தோஷக் கணக்கை 2011இல். பைக்குள் அம்புக்கும் இடம் வேண்டும், இறைச்சிக்கும் இடம் வேண்டும் என்று ஹண்டர்கள் பட்ட பாடு அந்தக் கால ஆட்களைக் கேட்டால் தெரியும். கேட்டால் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு உறுத்துவது அந்த 125. போனஸ் என்று பெயர் வைத்தாலும் எல்லாரும் அதிலேயேதான் நிற்பார்கள். அப்புறம் 125தான் சாதாரண நிலை, 100 என்பது தண்டனை. நான் சொன்னது: தீனி போட்டால் சண்டையில் ஒரு புள்ளிகூட ஏறக் கூடாது. பழக்கம்தான் மாற வேண்டும். காலடியில் வந்து படுக்கும், மற்றவர் தொட்டால் உறுமும், ஊருக்குள் நுழைந்தால் முன்னால் ஓடும். பசித்தால் இதெல்லாம் இல்லை, ஆனால் அடி குறையாது. லீட் ஒப்புக்கொண்டார். பசி மீட்டர் கட்சிக்கு முகம் வாடிப்போனது.

அதே பழைய கேமிலிருந்து நான் திருட நினைப்பது வேறொன்று. அப்போது ஹண்டர் ஒரு ஸ்கில்லை மெனுவில் வாங்கி மிருகத்துக்குக் கொடுக்க முடியாது, ஒருசில அடிப்படை ஸ்கில்களைத் தவிர. அந்த ஸ்கில் தெரிந்த காட்டு மிருகத்தைத் தேடிப் போய், பழக்கி, அதனோடு சேர்ந்து சண்டை போட்டு, தான் கற்றுக்கொண்டு, பிறகு தன் சொந்த மிருகத்துக்குச் சொல்லித்தர வேண்டும். உலகம் முழுவதும் சுற்ற அதைவிட நல்ல காரணம் எழுத முடியுமா? கரிச்சானின் குரல் சேகரிப்பு அதன் பேரப்பிள்ளை.

பிப்ரவரி 14, வெள்ளி

மிருகத்தை வைத்திருப்பதற்கு என்ன விலை? அல்டிமா ஆன்லைன் என்ற கேமில் மிருகங்களுக்கென்று ஆளுக்கு ஐந்து இடம். குதிரை ஒன்றை எடுக்கும், டிராகன் மூன்றை. 2005இல் வந்த கில்ட் வார்ஸில் மொத்தமே எட்டு ஸ்கில்தான் கொண்டுபோகலாம், மிருகம் வேண்டுமானால் அதில் ஓர் இடத்தை அதற்கே கொடுக்க வேண்டும். மிருகம் செத்தால் உங்கள் ஸ்கில்களும் சில விநாடி முடங்கும். கொடூரமான விதி, ஆனால் மிருகத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வைத்தது.

எங்களுடையது போனில் ஓடுகிற கேம். பட்டன் வைக்க ஐந்து இடம்தான், அதில் ஒன்று மிருகத்துக்கு. வேறு விலை எதுவும் வைக்க எனக்கு மனசில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

செந்நாய் பலவீனமாக இருக்கிறது என்று டெஸ்டர்கள் சொல்கிறார்கள். எண்ணில் அப்படி ஒன்றுமில்லை: ஆளும் நாயும் சேர்ந்து 100 அடித்தால் நாயின் பங்கு 25. கடியைக் கூட்டு என்றார்கள். கூட்டாமல் ஒரு பாஸ் (பெரிய எதிரி) சண்டையின் பதிவை ஓடவிட்டுப் பார்த்தேன்.

பாஸ் 10 விநாடிக்கு ஒரு தடவை இடம் மாறுகிறது. நாய் பின்னால் ஓடிப் போய்ச் சேர 3 விநாடி. அந்த 3 விநாடியும் வாய் சும்மா. பத்தில் மூன்று போனால் 25 என்பது 17.5. கடியைக் கூட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கும் எதிரிகளிடம் நாய் அசுரனாகிவிடும், இந்த பாஸிடம் அப்போதும் குறைதான். அதனால் கடியைத் தொடவில்லை. இலக்கு 8 மீட்டருக்கு மேல் விலகினால் தானாகவே பாய்கிற மாதிரி எழுதினேன். மறுபடி பாயக் காத்திருக்க வேண்டிய கூல்டவுன் இல்லை, பட்டனும் இல்லை. மதியத்துக்கு மேல் அதே டெஸ்டர், "கடியை ஏத்திட்டீங்களாண்ணா?" என்று கேட்டார். இல்லை என்றதை நம்பவில்லை.

வேகம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வார்கிராஃப்டில் ப்ரோக்கன் டூத் என்ற பெரிய காட்டுப்பூனை ஒன்று உதாரணம். அப்போது மற்ற மிருகங்கள் பெரும்பாலும் 2 விநாடிக்கு ஒரு அடி, இது விநாடிக்கு ஒன்று. மொத்த டேமேஜ் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் ஒவ்வொரு அடியும் மந்திரம் சொல்கிறவரின் மந்திரத்தைத் தள்ளிப்போடும். அதற்காக அந்த அபூர்வப் பூனை தோன்றும் இடத்தில் ஆட்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். பின்னால் எல்லா மிருகங்களுக்கும் ஒரே வேகம் ஆக்கிவிட்டார்கள். நியாயம்தான். எனக்கென்னவோ அந்தப் பூனைக்காக வருத்தம்.

பிப்ரவரி 20, வியாழன்

ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன் (எதிரிகள் நிறைந்த மூடிய இடம்) ஆடிய முதல் டெஸ்ட். பாழடைந்த கோயில், நடுவில் ஒரு பெரிய பள்ளம். நாலு பேரும் குதித்தார்கள், செந்நாய் வைத்திருந்தவரும் குதித்தார். செந்நாய் குதிக்கவில்லை. அதன் வரைபடத்தில் பள்ளத்தின் விளிம்பு வழியே கிடையாது. இருக்கிற வழி படிக்கட்டு. அது பாட்டுக்குப் படிக்கட்டில் சுற்றி, நாங்கள் அலுங்காமல் தாண்டி வந்த மூன்று அறையையும் கடந்து, அத்தனை காவல் பூதங்களையும் வாலில் கட்டிக்கொண்டு எஜமானிடம் ஆசையாக வந்து சேர்ந்தது. அரை நிமிடத்தில் ஐந்து பேரும் காலி.

ஹெட்செட்டில் கேட்ட வசவு எதுவும் நாயைப் பார்த்து இல்லை. "யாருடா நாயைக் கூட்டிட்டு வந்தது?" இதைத்தான் குறித்துக்கொண்டேன். பலவீனமான மிருகத்தைப் பிளேயர் பொறுத்துக்கொள்வார். தன்னைக் கூட்டத்தில் தலைகுனிய வைக்கிற மிருகத்தை அடுத்த தடவை கூட்டி வரமாட்டார். இது ஆன்லைன் ஹண்டர்கள் எல்லாருக்கும் பழைய கதை. குதிக்கும் முன் மிருகத்தை உள்ளே அனுப்பு, அதாவது திரும்பக் கூப்பிடும் வரை மறையவை என்று கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) கத்துவது வழக்கமாகவே இருந்தது.

புதிய விதி: எஜமான் 4 மீட்டருக்கு மேல் கீழே விழுந்தால் மிருகம் வழி தேடாது, அவர் கால் தரையைத் தொட்டதும் பக்கத்தில் தோன்றும். மாயமாகத் தோன்றினால் நம்பும்படி இருக்காது என்று அனிமேட்டர் தம்பி முறைத்துக்கொண்டான். தோன்றியதும் ஒரு தடவை உடம்பை உதறிக்கொள்ளட்டும் என்று சமாதானம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

உள்ளே அனுப்பின மிருகம் எங்கே இருக்கிறது? சிரிப்பான கேள்வி மாதிரி தெரியும். சர்வர் பார்க்கிற அண்ணன் சிரிக்கவில்லை.

2005 செப்டம்பரில் வார்கிராஃப்டில் சுல்குரூப் என்ற புது இடம் திறந்தது. அங்கே ஹக்கார் என்ற பாஸ் ஒரு ரத்த நோயை ஏவும். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தொற்றும். அந்த இடத்தை விட்டு அது வெளியே வரக் கூடாது. ஆனால் நோய் பிடித்த மிருகத்தை உள்ளே அனுப்பினால் நோயும் அப்படியே உறைந்து கூடவே போனது. ஊருக்குள் வந்து மிருகத்தைக் கூப்பிட்டதும் நோய் நடுச்சந்தையில் இறங்கியது. சின்ன லெவல் ஆட்கள் நின்ற இடத்தில் செத்தார்கள். நகரங்கள் எலும்புக்கூடாகக் கிடந்தன. சிலர் உதவ ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். 2007இல் தொற்றுநோய் ஆய்வாளர்கள் இதை மருத்துவ இதழ்களில் எழுதும் அளவுக்குப் போனது. சர்வர்களை ரீசெட் செய்து, மிருகங்களுக்கு நோய் பிடிக்காதபடி மாற்றித்தான் முடித்தார்கள்.

அண்ணனும் நானும் ஒரே பக்கத்தில் எழுதி முடித்தோம். உள்ளே போனதும் மற்றவருக்குத் தொற்றக்கூடியது எல்லாம் உதிர்ந்துவிடும். மிருகத்தை மட்டும் பாதிக்கிறவை உறையாமல் உள்ளேயும் ஓடிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் விஷம் ஏறும்போதெல்லாம் உள்ளே தள்ளி ஒளித்துவைப்பார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

விசில் பட்டன். செந்நாய்க் கூட்டம் காட்டுக்குள் சிதறிவிட்டால் விசிலடிக்கிற மாதிரிக் குரலில்தான் ஒன்றையொன்று கூப்பிட்டுச் சேர்ந்துகொள்ளும். எங்களுக்கு அதைவிடப் பொருத்தமான கமாண்ட் கிடைக்காது. தட்டினால் நாய் எதை விட்டாவது திரும்பி வர வேண்டும்.

தட்டினது சர்வருக்குப் போக 60 மில்லிவிநாடி. மிருகத்தின் மூளை அடுத்த முடிவெடுக்க 250 வரை. உடம்பைத் திருப்பும் அனிமேஷன் 400. மொத்தம் 710. கையில் வைத்து ஆடினால் நாய் யோசித்துவிட்டு வருவது மாதிரியே இருக்கிறது. திருப்பத்தை 150க்கு வெட்டினோம். மீதிக்கு ஒரு தந்திரம்: சர்வர் பதிலுக்குக் காத்திருக்காமல், தட்டின கணமே போனிலேயே நாயின் ஒரு காது விறைத்து இந்தப் பக்கம் திரும்பும். நாய் அப்போது ஒரு அடிகூட எடுத்து வைத்திருக்காது. ஆனால் கேட்டுவிட்டது என்று பிளேயருக்குத் தெரிந்துவிடும். இன்று ஆடியவர்களில் ஒருவர்கூட லேக், தாமதம் என்று சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கீரிக்குப் பாம்பு விஷம் ஏறாது என்று எழுதி வைத்திருந்தார்கள். நிஜக் கீரிக்கு விஷம் ஒட்டும் இடம் உடம்பில் கொஞ்சம் மாறி அமைந்திருப்பதால் நன்றாகவே தாங்கும். ஆனாலும் அதிகம் ஏறினால் சாகும். அது தப்பிப்பதில் பெரும்பங்கு துள்ளி விலகுவதுதான். கேமிலும் முழுப் பாதுகாப்பு கொடுத்தால் நாக பாஸ் சண்டைக்கு ஐந்து பேரும் கீரியோடு வருவார்கள், சண்டையே இருக்காது. அதனால் விஷம் பாதியாகும், ஒவ்வொரு நான்காவது கொத்தையும் கீரி தப்பும். ஐந்து கீரி வந்தாலும் ஒரு ஆளுக்கு ஒன்றுதான் கணக்கு.

காட்டெருமையின் காலி இடம் நிரம்பிவிட்டது: பிளேயர் அதன் பின்னால் நின்று அம்பு விடலாம். நகரும் சுவர்.

ஷீட்டை மூடப்போகும் நேரத்தில் மார்க்கெட்டிங்கிலிருந்து மெசேஜ், யானை வேண்டுமாம். எனக்கும் ஆசைதான். கோயில் டன்ஜனின் வாசல் அகலம் 3 மீட்டர், படிக்கட்டு 2. யானை எந்த வழியாக உள்ளே வரும் என்று லெவல் டிசைன் ஆட்களைக் கேட்டிருக்கிறேன். வாசலை உடைத்துக்கொண்டு வரட்டும் என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை, நான் நாளைக்கு அதைத்தான் எழுதிப் பார்க்கப்போகிறேன்.