கரையேறவிட்ட குப்பத்தில் ஒரு ஐப்பசிக் காலை

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறு மாதம் என்றார். அப்பாவிடம் நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலையில் அவராகவே, "திருப்பாதிரிப்புலியூர் போய்ட்டு வந்துடலாம்மா" என்றார்.

பண்ருட்டியிலிருந்து கார் பேசிக்கொண்டு கிளம்பினோம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை வாடைக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்; அப்பா கண்ணாடியை ஏற்ற விடவில்லை. மழை விட்டிருந்தது. கெடிலத்தில் செம்மண் தண்ணீர்.

கோயிலுக்கு முன்னால் கரையேறவிட்ட குப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை எதிலும் சாகாத அப்பரைப் பல்லவ மன்னன் கடைசியாகக் கல்லில் கட்டிக் கடலில் தள்ள, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கரைசேர்த்த இடம். இப்போது கடல் அங்கே இல்லை. தேவனாம்பட்டினத்துப் பக்கம் கிழக்கே தள்ளிக் கிடக்கிறது. 2004 சுனாமியில் அதே கடல் யாரையெல்லாம் கொண்டுபோனது என்று நினைத்தேன். கும்பிட வந்த இடத்தில் நினைக்கக்கூடாதுதான்.

பாடலீசுவரரையும் பெரியநாயகி அம்மனையும் தரிசித்துவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்தோம். அப்பா மெதுவாகப் பாடினார்:

"கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். அப்புறம் சொன்னார்:

"சூலை நோயோட திருவதிகைக்கு வந்தப்ப அப்பர், குடலைச் சுருட்டுது, தாங்க முடியலன்னு அப்படி அழறாரு. எனக்குத் தெரியும்மா அந்த வலி. ஆனா கல்லைக் கட்டித் தள்ளினப்ப காப்பாத்துன்னு ஒரு வார்த்தை கேக்கல பாரு. துணைன்னு மட்டும்தான் சொல்றாரு."

சின்ன வயதிலிருந்து நானும் பாடுகிற பதிகம்தான். இது என் கண்ணில் பட்டதே இல்லை. கல் மிதந்ததைத்தான் பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை மாசம் சொன்னாரு டாக்டரு?"

மறைக்க முடியவில்லை. "ஆறு."

"பயமாத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பரைக் கரையேத்துற திருவிழா சித்திரையில இல்ல?" என்று கேட்டுவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி. பங்குனியோடு ஆறு முடிந்துவிட்டது. இன்னொரு விரலையும் மடக்கிக்கொண்டு, "சரி, டிரைவரைக் கூப்பிடு" என்றார்.