பழைய ரைஃபிளில் பீப் சைட்: “எல்லாம் ஒண்ணுதான் சார்”

என் பழைய ரைஃபிளுக்கு ஒரு பீப் சைட் வாங்கினேன்; பின்னால் உள்ள சின்னத் துளை வழியாகப் பார்த்து, முன்னால் உள்ள வளையத்துக்குள் இலக்கை வைத்துக் குறி பார்க்கும் சாதனம். “முழு செட்” என்றுதான் விற்றவர் சொன்னார். பெட்டியைப் பிரித்தால் பின் சைட் இருக்கிறது, முன் சைட்டின் குழாயான டன்னல் இருக்கிறது, ரைஃபிளின் உடம்பான ரிசீவரில் பொருத்தும் ஸ்க்ரூ ஒன்றுகூட இல்லை. டன்னலுக்குள் போடும் வளையங்களில் ஒன்றே ஒன்று மிச்சம். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் விளிம்பு நசுங்கியிருந்தது. போன் போட்டுக் கேட்டால், “அத்தனை வருஷத்துச் சாமான் சார், இவ்வளவு கிடைச்சதே பெரிசு” என்கிறார்.

பழைய சைட் வாங்கப் போகிறவர்கள் “கண்டிஷன் எப்படி” என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. ஸ்க்ரூ எத்தனை, வளையம் எத்தனை, ஐபீஸ் சுழல்கிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரு துணியில் பரப்பிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சைட்டின் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. தொலைவதெல்லாம் நகத்தளவுச் சாமான்கள்தான், அவைதான் கிடைக்கவும் கிடைக்காது.

ரைஃபிள், பிரிட்டிஷ் கம்பெனியான பி.எஸ்.ஏ-வின் மார்ட்டினி .22, ஒற்றைத் தோட்டா. முன்பு வைத்திருந்த யாரோ ரிசீவரின் இடப்பக்கம் துளை போட்டு மரை வெட்டி வைத்திருந்தார். நான் வாங்கிய பார்க்கர்-ஹேல் கம்பெனி பின் சைட்டின் அடித்தட்டு அந்தத் துளைகளுக்கு நேராக உட்கார்ந்தது. புதிதாக டிரில் போட வேண்டியதில்லை என்ற நிம்மதி ஸ்க்ரூ தேடத் தொடங்கும் வரைதான் இருந்தது.

அளந்து பார்த்ததில் அது 2 பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை. பழைய பிரிட்டிஷ் கருவிகளிலும் மின் சாதனங்களிலும் இந்த பிஏ வரிசைதான் இருக்கும். 2 பிஏ-வின் விட்டம் 4.7 மி.மீ., புரி இடைவெளி 0.81. இன்றைய மெட்ரிக் எம்5 ஸ்க்ரூவுக்கு விட்டம் 5, இடைவெளி 0.8. வில்லங்கம் இங்கேதான். இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே சாதி என்று தோன்றிவிடுகிறது. ஆனால் மரையின் கோணம் பிஏ-வில் 47.5 டிகிரி, எம்5-இல் 60.

துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். டப்பாவைக் கிளறி ஒரு எம்5 எடுத்தார். “இது 2 பிஏ-ங்க” என்றேன். “எல்லாம் ஒண்ணுதான் சார், கொஞ்சம் அழுத்தினா போயிடும்” என்று சொல்லிக்கொண்டே திருகினார். முதல் புரி கடித்தது, அடுத்ததில் கிரீச்சென்று நின்றது. ஸ்க்ரூடிரைவரை மாற்றிப் பிடித்து இன்னும் அழுத்தப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். வெளியே எடுத்தபோது ஸ்க்ரூ நுனியில் சுருள் சுருளாக இரும்புத் துகள்; ரிசீவரிலிருந்து உரிந்தது. “இல்லேன்னா பெரிசா டிரில் பண்ணி எம்6 போட்டுடலாம்” என்று அடுத்த யோசனையையும் தயாராக வைத்திருந்தார். ரைஃபிளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பழைய ரிசீவரில் மரை ஒருமுறை போனால் போனதுதான்.

ஸ்க்ரூ கிடைத்தது நான் எதிர்பார்க்காத இடத்தில். சின்ன நீராவி எஞ்சின் மாடல் செய்கிறவர்கள் இன்னமும் பிஏ மரைதான் பயன்படுத்துகிறார்கள். அப்படி ஒருவர் ஸ்க்ரூவோடு, துளைக்குள் மரை வெட்டும் 2 பிஏ டேப்பையும் இரவல் தந்தார். டேப்பைக் கையாலேயே, எண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே கால்சுற்று பின்னே என்று ஓட்டியதில் அந்த முதல் புரி ஒருவழியாகத் தேறியது. ஸ்க்ரூவின் நீளத்தையும் பாருங்கள். நுனி ரிசீவருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், தோட்டாவின் பின்பக்கத்தை அடைக்கும் பிளாக் ஏறி இறங்கும்போது உரசும். நான் அரத்தால் ராவிக் குறைத்தேன்.

பின் சைட்டை நகர்த்தும், இறுகிப்போயிருந்த குமிழ்கள் எண்ணெயில் ஊறப்போட்டதும் இளகிவிட்டன.

அடுத்தது ஜீரோ, அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி சைட்டைச் சரிசெய்வது. 50 மீட்டரில் பின் சைட்டை உச்சிவரை ஏற்றியும் குரூப் (குண்டுகள் விழுந்த கூட்டம்) நடுப்புள்ளிக்கு 60 மி.மீ. கீழே விழுந்தது. ரேஞ்சில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பேரலை வளைக்கலாம் என்றுகூட ஒருவர்! ஆனால் கணக்கு எளிது. இரண்டு சைட்டுக்கும் இடைத்தூரம் 800 மி.மீ.; 60-ஐ 800-ஆல் பெருக்கி 50,000-ஆல் (50 மீட்டர், மி.மீ. கணக்கில்) வகுத்தால் 0.96. அதாவது முன் சைட் ஒரு மில்லிமீட்டர் உயரம் அதிகம். பின் சைட் குண்டு போக வேண்டிய பக்கம் நகர வேண்டும், முன் சைட் அதற்கு எதிர்ப்பக்கம். விற்றவர் அனுப்பியது வேறு ரைஃபிளின் டன்னல். கணக்கை எழுதி, டன்னல் அடிக்கட்டையின் அளவையும் போட்டு அனுப்பினேன். அதுவரை “அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார்” என்றவர், மறுபேச்சில்லாமல் குட்டையான ஒன்றை அனுப்பி வைத்தார். இந்த விவகாரம் முழுக்க எனக்குக் கிடைத்த பெரிய திருப்தி அதுதான்.

வளையத்தைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. மிச்சமிருந்த அந்த ஒற்றை வளையத்தின் உள்விட்டம் 2.4 மி.மீ. இன்றைய 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் 112.4 மி.மீ. கண்ணிலிருந்து முன் சைட் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்பதால், கறுப்பு அங்கே 2.25 மி.மீ. அளவுக்குத் தெரியும். சுற்றி மிஞ்சும் வெள்ளை மயிரிழைதான். கறுப்பு நடுவில் இருக்கிறதா, ஒதுங்கிவிட்டதா என்று கண்ணால் பிரிக்கவே முடியாது. நேரம் ஆக ஆக இரண்டும் ஒட்டிக்கொண்டு மங்கும். பித்தளைத் தகட்டில் 3.6 மி.மீ. வளையம் ஒன்று கடைந்து வாங்கினேன். பித்தளை பளபளத்துக் கண்ணைக் கூசவைத்ததால் விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்தேன். கை பட்டால் அழிந்துவிடும், ஆனால் சாதாரண பெயின்ட் எதுவும் இவ்வளவு கறுப்பாக இருக்காது. குரூப் அன்றே சுருங்கியது.

தேய்ந்த குமிழில் ஒரு தொல்லை பாக்கி இருக்கிறது. என் சைட்டில் ஒரு க்ளிக் கால் நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு நிமிடம்), 50 மீட்டரில் 3.6 மி.மீ. திசை மாற்றித் திருப்பினால் முதல் இரண்டு க்ளிக் சத்தம் மட்டும்தான், சைட் நகர்வதில்லை. அதனால் எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்து நிறுத்துகிறேன். இறக்க வேண்டுமென்றால் நாலு க்ளிக் கூடுதலாக இறக்கி, அந்த நாலையும் திரும்ப ஏற்றுகிறேன். பத்து ஏற்றிப் பத்து இறக்கிச் சுட்டு, குரூப் பழைய இடத்துக்கே வருகிறதா என்று வாங்கியவுடனே பார்த்துவிடுங்கள்.

நசுங்கிய ஐபீஸ் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது விற்கும் ஐரிஸ்களின் (துளையைச் சுருக்கி விரிக்கும் ஐபீஸ்கள்) மரை எம்9.5, பார்க்கர்-ஹேலுடையது வேறு. நடுவில் போடும் அடாப்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை பணம் அனுப்புவதற்கு முன்பே, மரைக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ கேட்டு வாங்கிவிட்டேன்.